பெட்டியில் இருக்கும் 4கே, திரையில் இருக்குமா?



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொழுது சாயும் நேரம். முகத்துவாரக்குப்பத்தில் என் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் எங்கள் ஊர். எதிர்க்கரையில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அவற்றின் விளக்குகள் எரியத் தொடங்கிய வேளையில், பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் கையில் ஓர் அட்டைப் பெட்டியோடு வந்து நின்றான். ஏழாம் வகுப்பு படிக்கிறான். பெயர் வேண்டாம், வெட்கப்படுவான்.

"சார், நான் ஏமாந்துட்டேனா? நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றான்.

வாங்கிப் பார்த்தேன். டி.வி.யின் பின்னால் செருகும் சின்ன வீடியோ கேம் குச்சி. கூடவே ஒயர் இல்லாத இரண்டு கைப்பிடிகள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் '4கே அல்ட்ரா எச்.டி.' என்றும், '10,000 விளையாட்டுகள்' என்றும் அச்சிட்டிருந்தது. 1,800 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறான்.

அவன் அம்மா கூடையில் மீன் சுமந்து விற்பவர். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து எங்கள் கழிமுகம் முழுவதும் படிந்ததே, அப்போது பல நாள் அந்த வீட்டில் வருமானம் இல்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை 1,800 ரூபாய் சேர்க்க எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

"போட்டுப் பார்த்தேன் சார். எல்லாம் பழைய கேம். பொம்மையோட ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி இருக்குது. குண்டா வேற தெரியுது. இதுவா சார் 4கே?"

கொஞ்ச நேரம் கழித்து அவனே தொடர்ந்தான்: "இனிமே இந்த மாதிரி வாங்க மாட்டேன். மறுபடியும் காசு சேர்க்கப் போறேன். புது பிளேஸ்டேஷன் வரப்போவுதாம். அதுல எல்லாமே நிஜம் மாதிரியே இருக்குமாம். பசங்க சொல்றாங்க."

பார்த்தீர்களா? ஒரே மூச்சில் இரண்டு கேள்விகள். கையில் இருக்கும் பெட்டி சொல்வது உண்மையா? இன்னும் கைக்கு வராத பெட்டியைப் பற்றி ஊர் சொல்வது உண்மையா? இந்த இரண்டையும்தான் இந்த வாரம் நாம் அலசப் போகிறோம்.

நானும் ஏமாந்தவன்தான்

முதலில் அவனை உட்கார வைத்து என் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1982ல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதையொட்டித்தான் நம் நாட்டில் வண்ண ஒளிபரப்பு பரவியது. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. வண்ண டி.வி. வாங்கும் வசதி ஏது? அந்த நாளில் கடைகளில் ஒரு பிளாஸ்டிக் தாள் விற்றார்கள். மேல் பாதியில் நீலம், கீழே பச்சை. கறுப்பு வெள்ளை டி.வி.க்கு முன்னால் மாட்டினால் அது 'கலர் டி.வி.' ஆகிவிடும் என்றார்கள். நம்பி வாங்கி வந்து மாட்டினேன். வானம் நீலமாகத்தான் தெரிந்தது. ஆனால் செய்தி வாசிப்பவரின் தலைமுடியும் நீலம்! சேலை பச்சை! என் தங்கை ஒரு வாரம் சிரித்தாள்.

ஏமாந்ததில் வெட்கமில்லை, குழந்தைகளே. எப்படி ஏமாந்தோம் என்று தெரிந்துகொள்ளாமல் விட்டால்தான் காசு வீண். அதைத் தெரிந்துகொள்ள, திரையில் படம் எப்படி உருவாகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

புள்ளிக் கோலமும் பிக்சலும்

உங்கள் வீட்டு வாசலில் மார்கழி மாதம் அம்மாவோ அக்காவோ புள்ளிக் கோலம் போடுவார்கள் அல்லவா? 5 புள்ளி வைத்தால் ஒரு சின்னப் பூ வரும். 21 புள்ளி வைத்தால் மயிலும் தாமரையும் கொண்டு வந்துவிடலாம். புள்ளி கூடக் கூட, வளைவுகள் நயமாக வரும்.

டி.வி. திரையும் அப்படித்தான். அது நிறம் மாறும் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. ஒரு புள்ளிக்குப் பெயர் பிக்சல். புள்ளிகள் எத்தனை என்று பெருக்கிப் பாருங்கள்.

1983ல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிகாம்' என்ற வீடியோ கேம் பெட்டியை வெளியிட்டது. அதைப் போலவே செய்த நகல் பெட்டிகள் 1990களில் சென்னை பர்மா பஜாரில் குவிந்து கிடந்தன. மஞ்சள் நிற கேசட்டைச் செருகி ஆடுவார்கள். ஆடாவிட்டால் கேசட்டை வாயால் ஊதி மறுபடி செருகுவார்கள். உங்கள் அப்பாவைக் கேளுங்கள், கண்கள் மின்னச் சொல்வார்! அந்தப் பெட்டி வரைந்த படம் குறுக்கே 256 புள்ளி, நெடுக்கே 240 புள்ளி. பெருக்கினால் 61,440.

'ஃபுல் எச்.டி.' என்கிறார்களே, அது 1,920க்கு 1,080. மொத்தம் 20,73,600 புள்ளிகள்.

'4கே' என்பது 3,840க்கு 2,160. மொத்தம் 82,94,400 புள்ளிகள். ஃபுல் எச்.டி.யைப் போல் சரியாக 4 மடங்கு. பழைய ஃபேமிகாமைப் போல் சரியாக 135 மடங்கு!

இப்போது பையனின் குச்சிக்கு வருவோம். அவன் ஆடிப் பார்த்தது 1985ல் வந்த மரியோ விளையாட்டு. அது ஃபேமிகாமுக்காகச் செய்யப்பட்டது. அதில் இருப்பதே 61,440 புள்ளிதான். அதை ஒரு 4கே திரை முழுவதும் இழுத்து நிரப்ப வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொரு புள்ளியையும் குறுக்கே 15, நெடுக்கே 9 என்று 135 புள்ளிகளாகப் பெருக்கிப் பரப்ப வேண்டும். அதனால்தான் ஓரங்கள் படிக்கட்டாகத் தெரிகின்றன. உயரத்தைவிட அகலத்தில் அதிகம் இழுப்பதால் பொம்மையும் குண்டாகிவிட்டது. பையனின் கண்ணில் பட்ட இரண்டுமே சரி!

உழக்கு அரிசியை அண்டாவில் கொட்டிவிட்டு, 'அண்டா நிறைய அரிசி' என்று சொல்ல முடியுமா? பெட்டியில் எழுதியிருந்த 4கே அண்டாவின் அளவு. அரிசியின் அளவு அல்ல.

நொடிக்கு 60 படம்

புள்ளி மட்டும் போதுமா? படம் அசைய வேண்டாமா?

நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு பொம்மையைச் சற்று நகர்த்தி வரைந்து, பக்கங்களை வேகமாகப் புரட்டியிருப்பீர்கள். பொம்மை ஓடும். (என் வகுப்பில் கணக்கு நேரத்தில் இதைச் செய்து மாட்டிக்கொண்டவர்கள் பலர்.) சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படங்கள் இப்படி ஓடுகின்றன. வீடியோ கேமில் பெரும்பாலும் 30 அல்லது 60.

4கே படத்தை நொடிக்கு 60 முறை வரைய வேண்டுமானால், 82,94,400ஐ 60ஆல் பெருக்குங்கள். 49,76,64,000. ஏறக்குறைய 50 கோடி புள்ளிகள், ஒரே நொடியில்! ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று அந்த வீடியோ கேம் பெட்டி முடிவு செய்ய வேண்டும். ஒரு முழுப் படத்துக்குக் கிடைக்கும் நேரம், நொடியில் 60ல் ஒரு பங்குதான்.

அனிமேஷன் சினிமா ஏன் வீடியோ கேமைவிட அழகாக இருக்கிறது என்று இப்போது புரிகிறதா? அங்கே ஒரே ஒரு படத்தை வரைய, கணினிகள் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். வீடியோ கேமில் நீங்கள் பொத்தானை அழுத்தியதும் பொம்மை குதித்தாக வேண்டும். இதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

தண்ணீரில் ஆடும் வெளிச்சம்

எங்கள் கழிமுகத்துக்கு இருட்டியபின் வந்து பாருங்கள். எதிர்க்கரை விளக்குகள் தண்ணீரில் நீள நீளமாக விழுந்து ஆடும். ஒரு படகு கடந்து போனால் அந்த வெளிச்சம் துண்டு துண்டாக உடைந்து, பிறகு ஒன்றுசேரும்.

இதை ஒரு விளையாட்டில் காட்ட வேண்டும். எப்படிக் காட்டுவார்கள்? பழைய பெட்டிகளில் அந்த வெளிச்சத்தை முன்கூட்டியே வரைந்து தண்ணீர் மேல் ஒட்டிவிடுவார்கள். படகு போனாலும் வெளிச்சம் உடையாது. புதிய முறை வேறு. விளக்கிலிருந்து ஒளி எப்படிப் போகிறது, எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று ஒவ்வொரு கதிராகக் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். 'ரே டிரேசிங்' என்று பெயர். கதிர்த் தேடல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அறிவியல் பாடத்தில் ஒளி எதிரொளிப்பு படித்திருப்பீர்கள். அதே விதிதான்!

2020ல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகிய பெட்டிகளின் சிப்பில் இந்தக் கணக்குக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. ஆனாலும் எல்லாக் கதிரையும் கணக்கிட நேரம் போதாது. கொஞ்சம் கதிர்களைக் கணக்கிட்டு, மீதியை ஒப்பேற்றுகிறார்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. அனுபவமுள்ள கோலக்காரப் பாட்டியைப் பார்த்திருப்பீர்கள். நாலு புள்ளி அழிந்து போயிருந்தாலும், சுற்றியிருப்பதைப் பார்த்தே 'இங்கே இந்த வளைவுதான் வரும்' என்று இழுத்துவிடுவார். இன்றைய சிப்புகளும் அப்படிச் செய்யப் பழகிவிட்டன. குறைந்த புள்ளியில் படத்தை வரைந்து, இடையில் வர வேண்டிய புள்ளிகளைச் செயற்கை அறிவால் ஊகித்து நிரப்புகின்றன. என்விடியா நிறுவனத்தின் இந்த முறைக்கு டி.எல்.எஸ்.எஸ். என்று பெயர். 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவிலும் இதே வகை முறை இருக்கிறது.

இது ஏமாற்றா என்று கேட்பீர்கள். இல்லை. குச்சி செய்தது ஒரே புள்ளியை 135 முறை திரும்ப வைத்தது. இது கோலம் தெரிந்த கை. ஆனால் அந்தக் கையும் சில சமயம் தவறும். வேகமாக ஓடும் பொருளின் ஓரம் கலங்கித் தெரியும்.

எஞ்சின் பெரிது, எண்ணெயும் அதிகம்

இவ்வளவு கணக்கும் போட மின்சாரம் வேண்டும். மின்சாரம் செலவானால் சூடு பிறக்கும். சூட்டைத் தணிக்க விசிறி வேண்டும்.

எங்கள் குப்பத்தில் ஃபைபர் படகுக்குப் பெரிய எஞ்சின் மாட்டினால் வேகமாகப் போகும்தான். எண்ணெயும் அதிகம் குடிக்கும். கையில் இருக்கும் எண்ணெயைப் பார்த்துத்தான் எவ்வளவு தூரம் போகலாம் என்று முடிவு செய்வார்கள். வீடியோ கேம் பெட்டியும் அதேதான். 2025 ஜூன் 5ம் தேதி வெளிவந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கையில் வைத்து பேட்டரியில் ஆடும்போது அதன் 7.9 அங்குலத் திரையில் ஃபுல் எச்.டி. படம். டி.வி.யில் இணைத்து, சுவர் மின்சாரத்தில் ஆடும்போது 4கே வரை. பெட்டி ஒன்றுதான்; எண்ணெய்தான் வேறு!

ஆகவே ஒரு புதிய பெட்டியைப் பற்றி யாராவது பெரிதாகச் சொன்னால், 'எவ்வளவு மின்சாரம்? எவ்வளவு சூடு? என்ன விலை?' என்று கேளுங்கள். இந்த மூன்றும்தான் கிராபிக்ஸுக்கு அணை போடுபவை.

ஊகித்தவர்கள் என்ன ஆனார்கள்?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். வராத பெட்டியைப் பற்றி ஊர் பேசுவது புதிதல்ல. முன்பு பேசியவை என்ன ஆயின என்று பார்த்தால், இப்போது பேசுவதை எடை போடலாம்.

முதல் கதை 2005ம் ஆண்டுடையது. அந்த மே மாதம் அமெரிக்காவில் நடந்த பெரிய வீடியோ கேம் கண்காட்சியில், பிளேஸ்டேஷன் 3 இன்னும் வெளிவராத நிலையில், 'கில்ஸோன்' என்ற விளையாட்டின் படக்காட்சியைத் திரையிட்டார்கள். புகை, முகபாவம், தெறிக்கும் மண் என்று எல்லாம் தத்ரூபம். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அது அந்தப் பெட்டி ஓட்டிய படம் அல்ல. அனிமேஷன் சினிமா போல முன்கூட்டியே தயாரித்த படம். பெட்டி 2006 நவம்பரில் வந்தது. அந்த விளையாட்டு வெளிவந்தது 2009ல். நல்ல விளையாட்டுதான். ஆனால் முதலில் காட்டிய படமும் அதுவும் ஒன்றல்ல. மணிக்கணக்கில் வரையும் படத்துக்கும், நொடியில் 60ல் ஒரு பங்கில் வரையும் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான்.

இரண்டாவது கதை 2021ல் நடந்தது. நின்டெண்டோ ஒரு புதிய ஸ்விட்ச் கொண்டு வரப்போகிறது, அதில் 7 அங்குல ஓ.எல்.இ.டி. திரை இருக்கும், டி.வி.யில் இணைத்தால் 4கே வரும் என்று மார்ச் மாதம் ப்ளூம்பெர்க் செய்தி வெளியிட்டது. உலகமே நம்பியது. ஜூலையில் நின்டெண்டோ அறிவித்தது. 7 அங்குல ஓ.எல்.இ.டி. திரை? இருந்தது! 4கே? இல்லை. டி.வி.யில் பழையபடி ஃபுல் எச்.டி. மட்டும்தான். பாதி பலித்தது, பாதி பலிக்கவில்லை. 4கே வர 2025 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஊகத்தில் பாதி சரியாக இருப்பதால் மீதியும் சரி என்று ஆகிவிடாது.

மூன்றாவது கதை ஊகம்கூட அல்ல, பெட்டியில் அச்சிட்டதே. 2020ல் வந்த பிளேஸ்டேஷன் 5 பெட்டியின் மேல் '8கே' என்ற எழுத்தும் இருந்தது. 8கே என்றால் 4கேயைப் போல் 4 மடங்கு புள்ளிகள். அந்தப் பெட்டி வந்து ஆண்டுகள் உருண்டோடியும் வீடுகளில் 8கே ஆட்டம் வழக்கத்துக்கு வரவில்லை. 2024ல் அச்சான பெட்டிகளில் அந்த எழுத்தையே எடுத்துவிட்டார்கள். பார்த்தீர்களா? பெரிய நிறுவனத்தின் பெட்டியிலும் எழுத்து முந்திக்கொண்டு வந்து விடுவதுண்டு.

'வரை' என்ற சின்னச் சொல்

ஆடி மாதம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடுக்கு அம்மாவோடு துணி எடுக்கப் போயிருப்பீர்கள். '50 சதவீதம் வரை தள்ளுபடி' என்று பலகை தொங்கும். உள்ளே போய்ப் பார்த்தால் 50 சதவீதம் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் துணிக்கு மட்டும். நமக்குப் பிடித்ததற்கு 10 சதவீதம்! பலகை பொய் சொல்லவில்லை. 'வரை' என்ற சொல்லை நாம்தான் விழுங்கிவிட்டோம்.

வீடியோ கேம் விளம்பரங்களிலும் இந்த 'வரை' இருக்கும். '4கே வரை', 'நொடிக்கு 120 படம் வரை'. எல்லா விளையாட்டிலும் அல்ல. இரண்டும் ஒரே நேரத்திலும் அல்ல. பல விளையாட்டுகளில் 'அழகான படம் வேண்டுமா, வேகமான படம் வேண்டுமா?' என்று பெட்டியே உங்களைக் கேட்கும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். அப்படியானால் எந்தப் பெட்டியைப் பற்றிப் படித்தாலும் 'வரை' எங்கே ஒளிந்திருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.

மூன்று கூடைகள்

எங்கள் குப்பத்தில் வயதான மீனவர் ஒருவர் இருக்கிறார். காலையில் கரைக்கு வந்து நிற்பார். காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் எந்தப் பக்கம், தண்ணீரின் நிறம் என்ன, கடல்காக்கைகள் எங்கே வட்டமிடுகின்றன என்று பார்ப்பார். பிறகு, "இன்னிக்குப் பாடு இருக்கும்போலத்தான் தெரியுது" என்பார். 'இருக்கும்' என்று அடித்துச் சொல்லவே மாட்டார். கண்டது வேறு, கணித்தது வேறு என்று அவருக்குத் தெரியும். படிக்காதவர் என்று அவரைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்தான் அறிவியல் ஆசிரியர்.

அவரைப் போலவே நாமும் செய்வோம். மூன்று கூடைகளை வைத்துக்கொள்வோம். ஒன்று 'அறிந்தது'. இரண்டு 'கணித்தது'. மூன்று 'ஆசைப்பட்டது'. புதிய பிளேஸ்டேஷன் பற்றிக் கேள்விப்படும் ஒவ்வொன்றையும் இவற்றில் பிரித்துப் போடுவோம்.

அறிந்தது: 2025 அக்டோபரில் சோனியின் மார்க் செர்னியும், சிப் தயாரிக்கும் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஜாக் ஹுயினும் ஒரு வீடியோவில் பேசினார்கள். பிளேஸ்டேஷன் பெட்டிகளின் உள்ளமைப்பை வடிவமைப்பவர் செர்னி. இரு நிறுவனங்களும் சேர்ந்து மூன்று உத்திகளை உருவாக்குவதாகச் சொன்னார்கள். இடைப்புள்ளிகளை இன்னும் நன்றாக ஊகிப்பது ஒன்று. கதிர்த் தேடலுக்கென்று தனிப் பகுதி வைப்பது இன்னொன்று. கூடையில் மீனை அடுக்கி அமுக்குவது போலத் தகவலைச் சுருக்கி அனுப்புவது மூன்றாவது. ஆனால் இவை இப்போதைக்குக் கணினி மாதிரிச் சோதனையில் மட்டுமே இருக்கின்றன, சில ஆண்டுகள் கழித்து வரும் பெட்டியில் சேரும் என்று செர்னியே சொல்லிவிட்டார். அந்த வீடியோவில் பெட்டியின் பெயரையோ விலையையோ சொல்லவில்லை. அந்த நேர்மையைப் பாராட்டலாம்!

கணித்தது: பிளேஸ்டேஷன் 3 வந்தது 2006, 4 வந்தது 2013, 5 வந்தது 2020. இடைவெளி 7 ஆண்டு, 7 ஆண்டு. அப்படியானால் அடுத்தது 2027 வாக்கில் வரலாம் என்று கணிக்கலாம். இது கணக்குதான், அறிவிப்பு அல்ல. கிராபிக்ஸ் எப்படி இருக்கும்? மூன்று உத்திகளில் ஒன்று ஊகித்து நிரப்புவது, ஒன்று ஒளிக் கணக்கு. ஆகவே புள்ளிகளின் எண்ணிக்கை மேலும் மேலும் கூடுவதைவிட, வெளிச்சமும் நிழலும் தண்ணீரும் இயற்கையாகத் தெரிவதில்தான் முன்னேற்றம் அதிகம் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். 61,440லிருந்து 82 லட்சத்துக்கு வந்தது பெரிய பாய்ச்சல். ஓரத்துப் படிக்கட்டுகள் மறைந்தன. 4கேக்கு மேலே புள்ளியைக் கூட்டினால், வீட்டு டி.வி.யில் நம் கண்ணுக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது. என் கணிப்பு தவறாகவும் போகலாம். தவறினால் இதே பக்கத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

ஆசைப்பட்டது: 'எல்லாமே நிஜம் மாதிரியே இருக்கும்.' 'எல்லா விளையாட்டும் 8கே.' 'விலையும் குறைவு.' இவையெல்லாம் மூன்றாவது கூடை. ஆசைப்படுவதில் தவறில்லை. ஆசையை முதல் கூடையில் போட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிளேஸ்டேஷன் 5 நம் நாட்டுக்கு வந்தது 2021 பிப்ரவரியில். அப்போது டிஸ்க் போடும் பெட்டியின் விலை 49,990 ரூபாயாக இருந்தது. உலகில் வெளிவந்துவிட்டால் உடனே நம் கடைக்கு வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். பிளேஸ்டேஷன் 5 புரோ 2024 நவம்பரில் மற்ற நாடுகளில் வந்தபோது இந்தியாவில் விற்கப்படவில்லை. அதிலுள்ள வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது நம் நாட்டில் அனுமதி இல்லை. திரையில் எத்தனை புள்ளி என்பதோடு, இப்படிப்பட்ட விஷயங்களும் சேர்ந்ததுதான் ஒரு பெட்டி.

பையன் என்ன செய்தான்?

மறுநாள் நானும் அவனும் அந்தக் கடைக்குப் போனோம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பலகையைக் காட்டினார் கடைக்காரர். பில் இருக்கிறதா என்று பையனைக் கேட்டேன். வாங்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். எது வாங்கினாலும், 100 ரூபாய்ப் பொருளானாலும், பில் கேட்டு வாங்குங்கள். தவறான விளம்பரத்தைப் பற்றிப் புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அப்பா அம்மா மூலம் அதில் புகார் செய்யலாம். பில் இருந்தால் புகாருக்குப் பலம் கூடும். இன்னொன்று: இந்த மாதிரிக் குச்சிகளில் இருக்கும் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் பெரும்பாலும் உரியவர்களிடம் அனுமதி பெறாமல் ஏற்றியவை. '10,000' என்ற எண்ணைப் பார்த்ததுமே சந்தேகம் வர வேண்டும்.

திரும்பி வரும் வழியில் பையன் ஒன்றும் பேசவில்லை. எனக்கும் மனசு கேட்கவில்லை. எண்ணூர் பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் அவனே கேட்டான்: "சார், அந்த மரியோ எத்தனை புள்ளி உயரம்?"

"16 புள்ளி. சின்ன மரியோவுக்கு அவ்வளவுதான்."

"16 புள்ளியில தொப்பி, மீசை, சட்டை எல்லாம் வெச்சுட்டாங்களா!"

அன்று இரவு கட்டம் போட்ட கணக்கு நோட்டில் அவன் ஒரு பொம்மை வரைந்திருக்கிறான். 16 கட்ட உயரத்தில் ஒரு மீனவர். தலையில் துண்டு, தோளில் வலை. மறுநாள் காட்டினான். யாரென்று அடையாளம் தெரிந்தது. காலையில் கரையில் நின்று காற்றைப் பார்ப்பாரே, அவரேதான்!

பெட்டியின் மேல் இருந்த '4கே'யைப் பேனாவால் அடித்துவிட்டு, அதன் கீழே '61,440' என்று எழுதி வைத்திருக்கிறான். இப்போது தெருப் பையன்கள் புதிய பெட்டியைப் பற்றி ஏதாவது சொன்னால், "அது எந்தக் கூடை?" என்று கேட்கிறானாம். 1,800 ரூபாய் திரும்பி வரவில்லை. ஆனால் விலை உயர்ந்த பொருளை ஒருநாள் வாங்கப் போகும்போது அவனை யாரும் சுலபமாக ஏமாற்ற முடியாது.

செய்து பாருங்கள்

கட்டம் போட்ட நோட்டில் 8க்கு 8 கட்டத்தில் ஒரு மீன் வரையுங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரே நிறம்தான். பிறகு அதே மீனை 16க்கு 16 கட்டத்தில் வரையுங்கள். கட்டங்கள் எத்தனை மடங்கு கூடின? வளைவு எவ்வளவு நயமாக வந்தது? கணக்கிட்டுப் பாருங்கள்.

அடுத்து, இந்த வாரம் நீங்கள் பார்க்கும் விளம்பரங்களில் 'வரை' என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். நண்பர்கள் சொல்லும் ஒரு புதிய செய்தியை எடுத்து, அறிந்ததா, கணித்ததா, ஆசைப்பட்டதா என்று பிரித்துப் பாருங்கள்.

என்ன குழந்தைகளே, செய்வீர்கள்தானே?